காயிலுக்கு முன்னால் பேட்டரியைப் பாருங்கள்: குறைந்த ஓம் வேப் காயிலும் அதன் ஆம்பியர் கணக்கும்

2018 மே மாதம் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், வேப் எனப்படும் மின்சிகரெட் கருவி வெடித்து ஒருவர் இறந்தார். வெடித்ததில் பறந்த துண்டு தலைக்குள் பாய்ந்திருந்தது. 2019 ஜனவரியில் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் 24 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அவருக்குத் தெறித்த துண்டு கழுத்தின் பெரிய ரத்தக்குழாயை அறுத்துவிட்டது. இரண்டு செய்திகளும் "வேப் வெடித்தது" என்ற தலைப்போடு உலகம் சுற்றின. வெடிப்பது உண்மையில் எது, ஏன் வெடிக்கிறது, எல்லா வேப்புக்கும் இதே ஆபத்து உண்டா என்ற கேள்விகள் அப்படியே நின்றுவிட்டன.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை செய்திகளில் வந்த சம்பவங்களைத் தொகுத்து 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மொத்தம் 195 தீ அல்லது வெடிப்புச் சம்பவங்கள். அவற்றில் ஏற்பட்ட காயங்கள் 133, அதில் கடுமையானவை 38. சியாட்டிலின் ஹார்பர்வியூ மருத்துவமனைக்கு 2015 அக்டோபரிலிருந்து 2016 ஜூன் வரை மட்டும் இப்படிக் காயம்பட்டு 15 பேர் வந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தீக்காயம். மூன்றில் ஒரு பங்கினருக்கு பேட்டரியிலிருந்து கசிந்த ரசாயனத்தாலும் தோல் வெந்திருந்தது.

வெடிப்பது பேட்டரி. புகையாக வரும் திரவமோ, அதை உறிஞ்சி வைக்கும் பஞ்சோ, சூடேற்றும் சுருள் கம்பியான காயிலோ வெடிப்பதில்லை. ஆனால் பேட்டரியை அந்த நிலைக்குத் தள்ளுவதில் காயிலுக்குப் பங்கு உண்டு. கையால் காயில் கட்டுபவர்கள் விஷயத்தில் அந்தப் பங்கு மிகப் பெரியது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் மின்சிகரெட்டின் உற்பத்தி, விற்பனை, விளம்பரம் எல்லாம் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் பெரியவர்களுக்கு இது சட்டப்படி கிடைக்கிறது.  நிக்கோடினால் உடம்புக்கு வரும் கேடு தனிப் பேச்சு. இங்கே பேட்டரியை மட்டும் பார்ப்போம். இதே உருளை பேட்டரி டார்ச் லைட்டிலும் பவர் பேங்கிலும் பழைய லேப்டாப்பிலும் இருப்பதால், வேப் பக்கமே போகாதவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

சில அடிப்படைச் சொற்கள்

காயில் என்பது சுருளாகச் சுற்றிய கம்பி. நடுவில் பஞ்சு, பஞ்சில் திரவம். கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடாகும், திரவம் ஆவியாகும். கடையில் வாங்கும் சாதாரணக் கருவியில் காயில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரும். ரீபில்டபிள் என்ற வகையில் கம்பியை நாமே சுற்றித் திருகாணியில் மாட்ட வேண்டும்.

மின்தடை ஒரு ஓமுக்குக் கீழே இருந்தால் அது சப்-ஓம் காயில். தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், சூடு கூடும், ஆவி அதிகம் வரும். ஆளுக்கு ஆள் தடையைக் குறைத்துக்கொண்டே போவதற்கு இதுதான் காரணம்.

பேட்டரியைத் தாங்கும் உடல் பகுதிக்கு மாட் என்று பெயர். இதில் இரண்டு வகை உண்டு. ரெகுலேட்டட் மாட்டில் ஒரு மின்சுற்றுப் பலகை இருக்கும். எவ்வளவு மின்சாரம் போகலாம் என்பதை அது முடிவு செய்யும், தவறு நேர்ந்தால் நிறுத்தும். மெக்கானிக்கல் மாட் என்பது உலோகக் குழாயும் ஒரு பொத்தானும் மட்டும். அழுத்தினால் பேட்டரியும் காயிலும் நேராக இணையும், இடையில் வேறு எதுவும் கிடையாது. ஃப்ளோரிடாவில் வெடித்தது இந்த இரண்டாவது வகை.

பேட்டரி பெரும்பாலும் 18650 செல். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண். முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். அதை எவ்வளவு ஆம்பியர் வரை தொடர்ந்து இழுக்கலாம் என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு சொல்வார். அதுதான் தொடர் மின்னோட்ட வரம்பு. இந்தக் கட்டுரையில் நினைவில் வைத்துக்கொள்ள ஒரே ஓர் எண் வேண்டும் என்றால், அது இதுதான்.

கணக்கு

ஓம் விதியைப் பள்ளியில் படித்திருப்போம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். மெக்கானிக்கல் மாட்டில் முழுச் சார்ஜ் ஏறிய ஒரு செல்லைப் போட்டால் இப்படி வரும்:

1. 1 ஓம் காயில்: 4.2 ஆம்பியர்.
2. 0.5 ஓம்: 8.4 ஆம்பியர்.
3. 0.25 ஓம்: 16.8 ஆம்பியர்.
4. 0.2 ஓம்: 21 ஆம்பியர்.
5. 0.15 ஓம்: 28 ஆம்பியர்.
6. 0.1 ஓம்: 42 ஆம்பியர்.

முதல் வரியிலிருந்து இரண்டாவது வரிக்கு வர அரை ஓம் குறைத்தோம், கூடியது நாலு ஆம்பியர்தான். ஐந்தாவதிலிருந்து ஆறாவதுக்கு வர வெறும் 0.05 ஓம் குறைத்தோம், 14 ஆம்பியர் ஏறிவிட்டது. சப்-ஓம் காயிலின் முழு ஆபத்தும் இந்த இடத்தில் இருக்கிறது. கீழே இறங்க இறங்க, கண்ணுக்கும் கைக்கும் தெரியாத சின்ன வித்தியாசம் பேட்டரிக்குப் பெரிய சுமையாகிறது.

கம்பி மாறினால் என்ன ஆகும்?

"ஆறு சுற்று, 3 மில்லிமீட்டர் உள்விட்டம், இரட்டைக் காயில்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்படியே கட்டுபவர்கள் நிறைய. எந்தக் கம்பி என்பது அதில் விட்டுப்போகும். 24 கேஜ் தடிமனில், கந்தால் என்ற உலோகக் கலவைக் கம்பி எடுத்தால், திருகாணியில் மாட்டும் கால்களையும் சேர்த்து ஒரு காயிலுக்குச் சுமார் 76 மில்லிமீட்டர் பிடிக்கும். ஒரு காயிலின் தடை ஏறக்குறைய 0.54 ஓம். இரண்டைச் சேர்த்து மாட்டும்போது தடை பாதியாகும், அதாவது 0.27. மின்னோட்டம் 15 ஆம்பியர் அளவில் நிற்கும்.

இதே சுற்று, இதே தடிமன், ஆனால் கம்பி மட்டும் 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால்? அந்த உலோகத்தின் தடை கந்தாலின் பாதிதான். இரட்டைக் காயில் 0.14 ஓமுக்கு இறங்கிவிடும். மின்னோட்டம் 30 ஆம்பியர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 20 ஆம்பியர் செல் ஒன்றுக்கு முதல் காயில் பரவாயில்லை, இரண்டாவது வரம்பைத் தாண்டி ஒன்றரை மடங்கு. ஆகவே சுற்று எண்ணிக்கையை நம்பி எதையும் முடிவு செய்யக்கூடாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பதிலும் ஒரு சிக்கல்

வீட்டில் இருக்கும் சாதாரண மல்டிமீட்டர் இந்த வேலைக்கு உதவாது. அதன் வயர்களுக்கே 0.1, 0.2 ஓம் தடை இருக்கும். 0.1 ஓம் காயிலை 0.3 என்று அது காட்டலாம். 0.3 என்று நம்பியவர் 14 ஆம்பியர் என்று கணக்குப் போடுவார், ஓடப்போவது அதைப்போல மூன்று மடங்கு.

காயிலுக்கென்றே விற்கும் ஓம் மீட்டர்தான் வேண்டும். அதிலும் 0.02 ஓம் முன்பின் இருப்பது சகஜம். 1 ஓம் காயிலில் இந்தப் பிழை ஒரு பொருட்டே இல்லை. மீட்டர் 0.12 என்று காட்டினால் கதை வேறு: உண்மைத் தடை 0.14 ஆக இருந்தால் 30 ஆம்பியர், 0.10 ஆக இருந்தால் 42. அந்தப் பகுதியில் எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று காயில் கட்டியவருக்கே தெரியாது. 0.15-க்குக் கீழே ஒற்றைச் செல் மெக்கானிக்கல் மாட்டில் கட்டுவதை எந்த அனுபவசாலி சொன்னாலும் ஏற்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. செல்லின் வரம்பு ஒருபுறம் இருக்க, அங்கே அளவே நம்பகமில்லை.

செல்லுக்குள் நடப்பது

லித்தியம் அயான் செல்லுக்குள் இரண்டு நீண்ட தகடுகள் பாய் மாதிரிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒட்டாமல் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. எல்லாம் தீப்பிடிக்கும் தன்மையுள்ள ஒரு கரைசலில் ஊறியிருக்கும்.

செல்லுக்கும் சொந்தமாக ஓர் உள்தடை உண்டு. அது 0.025 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 20 ஆம்பியர் ஓடினால் செல்லுக்குள்ளேயே 10 வாட் வெப்பம் உண்டாகும். 40 ஆம்பியர் ஓடினால் 20 வாட் இல்லை, 40 வாட். மின்னோட்டம் இரட்டித்தால் உள்வெப்பம் நான்கு மடங்கு. சுமார் 45 கிராம் எடையுள்ள செல் அந்த 40 வாட்டில் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் சூடேறும். நாலைந்து வினாடி இழுப்பில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பையிலோ சோபா இடுக்கிலோ பொத்தான் தானாக அழுந்தி ஒரு நிமிடம் அப்படியே கிடந்தால்?

ஏறக்குறைய 80, 90 டிகிரியைத் தாண்டும்போது எதிர்மின் தகட்டின் மேலுள்ள காப்புப் படலம் சிதையத் தொடங்குகிறது. அந்த வேதிவினையே வெப்பம் தரும். 130 டிகிரி வாக்கில் சவ்வு உருகும். தகடுகள் உள்ளே தொட்டுக்கொண்டால் பிறகு வெளியிலிருந்து மின்சாரத்தை நிறுத்தியும் பயனில்லை. இன்னும் சூடேறினால் நேர்மின் தகட்டிலிருந்து ஆக்சிஜனும் வெளியேறும். வெப்பம் வினையைத் தூண்ட, வினை வெப்பத்தைத் தூண்ட, அது தன்னால் ஓடும். இதற்குத்தான் வெப்பக் கட்டுமீறல் என்று பெயர்.

உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் கூடினால் செல்லின் தலைப்பகுதியில் உள்ள அடைப்பு திறந்து வாயுவை வெளியே விடும். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் செல் இருப்பது திருகி மூடிய உலோகக் குழாய்க்குள். குழாயில் போதுமான துளைகள் இல்லையென்றால் வாயு போக வழியில்லை, குழாயே வெடிகுண்டாகிறது. மேலே சொன்ன மரணங்களில் துண்டுகள் பாய்ந்த வேகத்தை இப்படித்தான் புரிந்துகொள்ள முடியும்.

"வோல்டேஜ் இறங்கிவிடுமே" என்ற வாதம்

காயில் கட்டுபவர்கள் மத்தியில் அடிக்கடி வரும் வாதம் இது: "4.2 வோல்ட் என்பது ஏட்டுக் கணக்கு. சுமை ஏறினால் வோல்டேஜ் இறங்கும், அதனால் 0.1 ஓமில் உண்மையில் 42 ஆம்பியர் ஓடாது."

பாதி உண்மை. உள்தடையையும் சேர்த்துப் பார்த்தால் ஓடுவது 33, 34 ஆம்பியர்தான். ஆனால் அந்தக் குறைந்த வோல்டேஜ் எங்கே போனது? செல்லுக்குள்ளேயே வெப்பமாகிவிட்டது. வோல்டேஜ் எவ்வளவு அதிகமாக இறங்குகிறதோ அவ்வளவு அதிகமாகச் செல் வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பாதுகாப்புக்கு ஆதாரமாக இதைச் சொல்பவர்கள் ஆபத்தின் அறிகுறியைத்தான் சொல்கிறார்கள். கணக்குப் போடும்போது 4.2-ஐயே வைத்துக்கொள்ள வேண்டும்.

லேபிளில் எதை நம்புவது?

பெரிய தயாரிப்பாளர்கள் தங்கள் தரவுத்தாளில் சொல்லும் எண்களைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். சாம்சங் 30க்யூ செல்லின் கொள்ளளவு 3000 மில்லிஆம்பியர்-மணி, தொடர் வரம்பு 15 ஆம்பியர். சாம்சங் 25ஆர் 2500, 20 ஆம்பியர். சாம்சங் 20எஸ் 2000, 30 ஆம்பியர். கொள்ளளவு கூடினால் இழுக்கும் திறன் குறைகிறது. அதே குழாய்க்குள் அதிகப் பொருளை அடைக்கத் தகட்டின் பூச்சைத் தடிமனாக்க வேண்டும், தடிமனான பூச்சில் மின்னோட்டம் எளிதாக ஓடாது. இது இயற்பியல், விளம்பரத்தால் மாறாது.

அதனால் "9900 மில்லிஆம்பியர்-மணி" என்று அச்சடித்த 18650 செல் பொய். "3000 மில்லிஆம்பியர்-மணி, 40 ஆம்பியர்" என்று இருந்தால் அந்த 40 பெரும்பாலும் சில வினாடிகளுக்கான உச்ச அளவு. எத்தனை வினாடி, எந்த வெப்பநிலையில், நடுவில் எவ்வளவு ஓய்வு என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. உச்ச அளவை வைத்துக் காயில் கட்டக்கூடாது. வேறு யாரோ தயாரித்த செல்லின் மேல் புது உறை சுற்றித் தன் பெயரில் விற்கும் நிறுவனங்களும் உண்டு. அவற்றின் எண்களைத் தனியாகச் சோதித்துப் பார்த்தவர்கள் சொன்னால் ஒழிய ஏற்க வேண்டாம்.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். இந்தச் செல்கள் கருவிகளுக்குள் பாதுகாப்புச் சுற்றுடன் சேர்த்துப் பொருத்துவதற்காகச் செய்யப்பட்டவை, தனியாகக் கையில் கொடுப்பதற்கு இல்லை. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில் இதைச் சொல்லியே எச்சரிக்கை விட்டது. கடை அலமாரியில் தனிச் செல்லாகக் கிடைக்கிறது என்பதால் அது அப்படி விற்பதற்கான பொருள் ஆகிவிடாது.

சரி, காயிலை எப்படித் தீர்மானிப்பது?

பேட்டரியில் தொடங்கிக் காயிலுக்கு வர வேண்டும். காயிலைக் கட்டிவிட்டு அதற்குப் பேட்டரி தேடுவது தலைகீழ் வேலை.

1. கையில் இருக்கும் செல்லின் தொடர் மின்னோட்ட வரம்பைத் தரவுத்தாளில் பாருங்கள். 20 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.
2. அதில் கால் பங்கைக் கழியுங்கள். செல் பழசாகும்போது உள்தடை கூடும், மீட்டரிலும் பிழை இருக்கும். மிஞ்சுவது 15.
3. 4.2-ஐ 15-ஆல் வகுத்தால் 0.28 ஓம். அந்தச் செல்லுக்கு உங்கள் காயில் அதற்குக் கீழே போகக்கூடாது.
4. இதே கணக்கில் 15 ஆம்பியர் செல்லுக்கு ஏறக்குறைய 0.37 ஓம்.
5. கட்டி முடித்ததும் ஓம் மீட்டரில் வைத்துப் பாருங்கள். எண் ஆடிக்கொண்டே இருந்தால் திருகாணி தளர்ந்திருக்கிறது அல்லது கம்பியின் கால் எங்கோ உரசுகிறது. சரியாகும்வரை பேட்டரியில் மாட்ட வேண்டாம்.

ரெகுலேட்டட் மாட்டில் இந்தக் கணக்கு செல்லாது

பலர் குழம்புவது இங்கேதான். ரெகுலேட்டட் மாட்டில் பேட்டரிக்கும் காயிலுக்கும் நேர் இணைப்பு இல்லை. நீங்கள் வைத்த வாட் அளவை மின்சுற்று எப்படியாவது காயிலுக்குக் கொடுக்கும். ஆகவே பேட்டரியின் சுமையைத் தீர்மானிப்பது வாட், ஓம் அல்ல.

80 வாட் வைத்திருக்கிறீர்கள், ஒரே செல், சார்ஜ் இறங்கி 3.2 வோல்ட்டில் இருக்கிறது, மின்சுற்றின் திறன் 90 விழுக்காடு என்றால், பேட்டரியிலிருந்து போவது ஏறக்குறைய 28 ஆம்பியர். காயில் 0.2 ஆனாலும் 0.5 ஆனாலும் அதே 28-தான். மெக்கானிக்கலில் சார்ஜ் இறங்க இறங்கச் சுமை குறையும். இங்கே கூடும். அதனால் ரெகுலேட்டட் மாட்டுக்குக் கணக்குப் போடும்போது 4.2-ஐ வைக்காமல் மிகக் குறைந்த வோல்டேஜை வைக்க வேண்டும். இரண்டு செல் உள்ள மாட் என்றால் வாட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

மெக்கானிக்கல் மாட்டில் இரண்டு செல்லைப் பக்கவாட்டில் இணையாக மாட்டினால் சுமை பாதி பாதியாகப் பிரியும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பிரியாது. வோல்டேஜ் 8.4 ஆகும், 0.3 ஓம் காயிலில் 28 ஆம்பியர் ஓடும், அந்த 28-ம் ஒவ்வொரு செல் வழியாகவும் முழுதாகப் போகும். செல் இரண்டாகிவிட்டதே, சுமை குறைந்திருக்கும் என்று நினைப்பவர்கள் சறுக்கும் இடம் இது.

காயில் சரியாக இருந்தும் ஷார்ட் ஆவது

கணக்கெல்லாம் சரியாகப் போட்டும் பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆனால் எந்த வரம்பும் காப்பாற்றாது.

18650 செல்லின் பாசிட்டிவ் முனை மேலே உள்ள சின்ன மூடி மட்டுமே. பக்கச்சுவர், அடிப்பாகம் எல்லாம் நெகட்டிவ். மேல்விளிம்பில் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் இடையில் சில மில்லிமீட்டர்தான். அதைக் காப்பது ஒரு பிளாஸ்டிக் வளையமும் மேலே சுற்றிய மெல்லிய உறையும். உறை கிழிந்த செல்லை உலோகக் குழாய்க்குள் போடுவது ஷார்ட்டை நாமே அழைப்பதற்குச் சமம். புது உறை சில காசுக்குக் கிடைக்கிறது, ஹேர் ட்ரையர் காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். உலோகம் நசுங்கியிருந்தால் உறை மாற்றிப் பயனில்லை, செல்லையே கழித்துவிட வேண்டும்.

அப்புறம், ஹைபிரிட் எனப்படும் மெக்கானிக்கல் மாட்டுகள். இவற்றில் காயிலைத் தாங்கி மேலே மாட்டும் தலையின் நடு ஊசி நேராகப் பேட்டரியின் மேல் உட்காரும். அந்த ஊசி சுற்றியுள்ள திருகு வளையத்தைவிட நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வளையமும் பாசிட்டிவைத் தொடும், வளையமோ நெகட்டிவ். பொத்தானை அழுத்தினால் காயில் வழியே போக வேண்டிய மின்சாரம் காயிலை விட்டுவிட்டு நேராகப் பாயும். ஊசி நீட்டாத தலையை இந்த மாட்டில் மாட்டவே கூடாது.

சட்டைப்பையில், கால்சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் தனிச் செல்லைப் போட்டு நடப்பவர்களுக்கு ஆபத்து வரக் காயிலே தேவையில்லை. சாவி ஒன்று மேல்விளிம்பில் குறுக்கே பட்டால் போதும். தொடையில் தீக்காயத்தோடு மருத்துவமனைக்கு வருபவர்களில் இவர்களும் உண்டு. தனிச் செல்லை அதற்கான பிளாஸ்டிக் பெட்டியில்தான் வைக்க வேண்டும். விமானத்தில் சரக்குப் பெட்டிக்குள் வேப் வைப்பதை அமெரிக்கா 2015-இல் தடை செய்ததும் தீப்பிடிக்கும் அச்சத்தால்தான். கைப்பெட்டியில் தீப்பிடித்தால் பார்க்க ஆள் உண்டு.

சூடேறினால்

கையில் பிடிக்க முடியாத அளவு மாட் சூடானால், சீறும் சத்தம் வந்தால், இனிப்பு கலந்த ரசாயன வாடை அடித்தால், செல்லைக் கழற்ற முயல வேண்டாம். திறந்தவெளியில், தீப்பிடிக்கும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் போட்டுவிட்டு விலகுங்கள். புகையை மூச்சில் இழுக்கக்கூடாது, அதில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற அரிக்கும் நச்சு வாயு இருக்கும்.

லித்தியம் என்பதால் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. லித்தியம் அயான் செல்லுக்கு அது பொருந்தாது. செல் தனக்குத் தேவையான ஆக்சிஜனைத் தானே வெளியிடுவதால் மூடி அணைப்பது பெரிதாக உதவாது, குளிர்விப்பதுதான் வழி. விமானப் பணியாளர்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் சொல்வதும் தண்ணீர் ஊற்றத்தான். ஐஸ் வேண்டாம் என்கிறது, ஐஸ் மூடிக்கொண்டால் வெப்பம் உள்ளேயே தங்கும்.

ஒருமுறை அப்படிச் சூடேறிய செல் ஆறியபின் நன்றாகத் தெரிந்தாலும், மீட்டரில் சரியான வோல்டேஜ் காட்டினாலும், மறுபடி சார்ஜரில் போடக்கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, பேட்டரிக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை வண்டிக்குள் நசுங்கி அங்கே தீப்பிடிக்கலாம்.